தூக்கி நிற்கும் போன் டிஸ்ப்ளேவுக்கு எந்தப் பசை?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். இரண்டரை வருடம் ஆன போன். டிஸ்ப்ளேவின் வலது ஓரம் ஃப்ரேமை விட்டுத் தூக்கி நிற்கிறது, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. டச், கலர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஃபெவிக்விக்கை ஒரு சொட்டு விட்டு அமுக்கிவிடலாமா, எல்லோரும் சொல்கிற பி-7000 பசையை வாங்கணுமா, இரண்டு பக்கமும் ஒட்டும் டபுள் டேப்பே போதுமா? கடைக்காரர் வேறு "டிஸ்ப்ளேவையே மாத்தணும்" என்கிறார்.

ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். உங்கள் போனுக்கு பி-7000, அல்லது அதே வகையில் கறுப்பாக வரும் டி-7000 சரியாக இருக்கும். டேப்பும் நல்லதுதான், ஆனால் ஃப்ரேமில் அதற்கு இடம் இருக்க வேண்டும். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். பசை வாங்கக் கிளம்பும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்ப்ளே தானாக விட்டுக்கொண்டதா, இல்லை உள்ளே இருந்து எதுவாவது அதைத் தள்ளுகிறதா? பதினேழு வருடமாக மதுரையில் இதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். "டிஸ்ப்ளே விட்டுப்போச்சு அண்ணே" என்று வருகிற போன்களில் நிறைய பேருடையதில் பசைமேல் ஒரு குற்றமும் இருக்காது. பேட்டரி உப்பியிருக்கும். போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி, மெல்லிய அலுமினியப் பையில் அடைத்தது. வயதாகி, சூடு பட்டு, உள்ளே இருக்கும் திரவம் சிதையும்போது வாயு உண்டாகும். வெளியே போக வழியில்லாததால் பை பூரி மாதிரி எழும்பும். பேட்டரிக்கு நேர் மேலே டிஸ்ப்ளே இருக்கிற போனாக இருந்தால் அது முதலில் தள்ளுவது டிஸ்ப்ளேவைத்தான்.

சோதிப்பது எளிது. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை டிஸ்ப்ளேவின் குறுக்கே விளிம்பு படும்படி நிறுத்தி, எதிர்ப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேலின் இரண்டு முனையின் அடியிலும் வெளிச்சம் கசிந்து, நடுவில் மட்டும் ஒட்டி நின்றால் டிஸ்ப்ளே மேடாகியிருக்கிறது. அல்லது போனைக் கண்ணாடி மேசையில் குப்புறப் போட்டு லேசாகச் சுற்றிவிடுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் அதே கதைதான். இடைவெளி மூலையில் இல்லாமல் பக்கவாட்டின் நடுவில் இருந்தாலும், சார்ஜ் போட்டபின் கூடினாலும் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

அப்படி இருந்தால் பசைப் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள். குத்திய பேட்டரி தீப்பிடிக்கும். பேட்டரியை மாற்றியபின் டிஸ்ப்ளே தானாகவே பழைய இடத்தில் போய் உட்காரும். அதற்குப் பிறகுதான் பசை.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எது எதை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். டிஸ்ப்ளே முழுசாக ஃப்ரேமை விட்டு வந்திருந்தால் அது நம் வேலை. விலை குறைந்த பல போன்களில் டிஸ்ப்ளேவைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும். சட்டம் பாடியோடு இருந்து கண்ணாடி மட்டும் வந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிவிடலாம். மேல் கண்ணாடிக்கும் அதன் அடியில் இருக்கும் டிஸ்ப்ளே பேனலுக்கும் நடுவில் பிரிந்து, ஓரத்தில் நீர்க்குமிழி போலத் தெரிந்தால் அது வேறு சங்கதி. அங்கே இருப்பது ஒளி ஊடுருவும் தனிப் பசை. அதற்கு மெஷின் வேண்டும், தூசி இல்லாத அறை வேண்டும். அந்த இடத்தில் கடைக்காரர் டிஸ்ப்ளே மாற்றணும் என்று சொன்னால் அவர் சொல்வது நியாயம்.

சரி, பசைக்கு வருவோம். எல்லோரும் செய்யும் தப்பு, "இருப்பதிலேயே ஸ்ட்ராங்கானது எது?" என்று தேடுவது. டிஸ்ப்ளேவை யாரும் கயிறு கட்டி இழுக்கப் போவதில்லை. அதன் மொத்த எடையே சில பத்து கிராம். சுற்றளவு முழுக்க ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசை இருந்தாலே அதைத் தாங்க ஏராளம். இங்கே பசைக்கு இரண்டு குணம் வேண்டும். காய்ந்தபின் ரப்பர் போல நெகிழ வேண்டும். நாளைக்கு பேட்டரியோ சார்ஜிங் போர்ட்டோ மாற்றும்போது சூடு காட்டினால் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நெகிழ்வு ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போன் நீளம் சுமார் 150 மி.மீ. ஏசி அறையில் 22 டிகிரி. மே மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வித்தியாசம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூட்டில் அலுமினிய ஃப்ரேம் 0.14 மி.மீ. நீளும். மேலே இருக்கும் கண்ணாடி 0.05 மி.மீ. தான் நீளும். ஃப்ரேம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் 0.4 மி.மீ. வரை போகும். இரண்டுக்கும் நடுவில் 0.2 மி.மீ. கனத்தில் இருக்கிற பசைதான் இந்த இழுபறியைத் தினமும் தாங்க வேண்டும். கல் மாதிரி இறுகும் பசை ஒன்று தான் உடையும், இல்லை கண்ணாடியை உடைக்கும். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க டெலிவரி ஓட்டும் பையன்களின் போன்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. வெயில், வண்டியின் அதிர்வு, கூடவே விடாத சார்ஜ். பசைக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது.

இப்போது ஃபெவிக்விக் ஏன் ஆகாது என்பது புரியும். அது சயனோஅக்ரிலேட். காற்றில் உள்ள ஈரத்தைத் தொட்டதும் நொடியில் இறுகும், இறுகியபின் நெகிழ்வு கிடையாது. போன் ஒருமுறை தரையில் விழுந்தால் போதும், பிசிறில்லாமல் பிட்டுக்கொண்டு வரும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் ஆவி. இறுகாமல் மிஞ்சியது ஆவியாகிப் பக்கத்துப் பரப்புகளில் வெள்ளைப் பொடியாகப் படியும். தடயவியலில் கைரேகை எடுக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூடிய பெட்டிக்குள் பசையைச் சூடாக்கினால் கண்ணுக்குத் தெரியாத ரேகைகளின் மேல் வெள்ளையாகப் படியும். உங்கள் போனுக்குள் அதே வேலையை முன் கேமரா லென்ஸ் மேல் செய்யும். போதாததற்குத் தண்ணீர் போல நீர்த்த பசை, எங்கே சந்து கிடைத்தாலும் உறிஞ்சிக்கொண்டு ஓடும். போன வருடம் ஒருவர் கொண்டுவந்த போனில் மேல் மூலையில் இரண்டே சொட்டுதான் விட்டிருந்தார். இயர்பீஸ் வலை அடைத்துக்கொண்டது, பவர் பட்டன் அசையவில்லை, கேமராவில் எடுத்த படமெல்லாம் மார்கழிப் பனியில் எடுத்தது போல இருந்தது. டிஸ்ப்ளே ஒட்டியிருந்ததா என்றால், அதுவும் இல்லை.

வீட்டில் கிடைக்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். அரால்டைட், எம்-சீல் இரண்டும் எபாக்ஸி. ஒட்டும், ஆனால் திறக்க விடாது. அது இளகும் சூட்டில் டிஸ்ப்ளே போய்விடும். ஹாட் க்ளூ கன்னில் வருவதை 0.2 மி.மீ. கனத்துக்குத் தேய்க்க முடியாது, காருக்குள் சூட்டில் இளகும். ஃபெவிகால் தண்ணீர் கலந்த பசை. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசை இந்தக் கும்பலில் கொஞ்சம் தேவலை. அவசரத்துக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நூல் நூலாக இழுபடும், மெல்லிய கோடாகப் போட வராது.

சிலிக்கான் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாக. பாத்ரூம் ஓரத்துக்குப் பூசும் சிலிக்கான் ரப்பர் போல நெகிழும், சூடும் தாங்கும், பிறகு ஏன் கூடாது என்று விவரம் தெரிந்தவர்களே கேட்பார்கள். காயும்போது வினிகர் வாசம் வருகிறதல்லவா, அது அசிட்டிக் அமிலம். உள்ளே இருக்கும் செம்பு இணைப்புகளை அது அரிக்கும். அமிலம் விடாத வகை இருக்கிறதுதான். ஆனால் சிலிக்கான் ஒருமுறை பட்ட பரப்பில் அப்புறம் எந்தப் பசையும் எந்த டேப்பும் உருப்படியாக ஒட்டாது. துடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்றுவிடும். அடுத்து அந்த போனைத் திறக்கிறவன் உங்களைத் திட்டுவான்.

யூவி பசையும், அதாவது புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் பசையும், இப்போது பிரபலம். அதற்கான டார்ச் அடித்தால் நொடியில் இறுகும் என்பார்கள். அது மேல்கண்ணாடியை பேனலோடு ஒட்டுவதற்கானது. உங்கள் டிஸ்ப்ளேவின் ஓரத்தில் சுற்றிவரக் கறுப்பு அச்சு இருக்கிறது, பாருங்கள். பசை போடும் இடம் சரியாக அதன் அடியில். வெளிச்சம் கறுப்பைத் தாண்டிப் போகாது. வெளி விளிம்பில் மட்டும் இறுகி, உள்ளே திரவமாகவே நின்று, நாள்பட பேனலுக்குள் ஊறும்.

ஆக மிஞ்சுவது இரண்டு: பி-7000 குடும்பம், டபுள் டேப்.

பி-7000 கரைப்பானில் கரைத்த செயற்கைப் பிசின். ட்யூபின் முனையில் ஊசி போன்ற மூக்கு, அதற்குள் ஒரு குண்டூசி மூடி. வெளியே வந்ததும் கரைப்பான் ஆவியாகத் தொடங்கும், மிஞ்சுவது ரப்பர் போன்ற படலம். பி-7000 தெளிவாக இருக்கும், டி-7000 கறுப்பு. பெயரில் உள்ள எண் பெரிதானால் பலமும் கூடும் என்று நினைக்காதீர்கள், அது வெறும் பெயர். கறுப்பு ஃப்ரேம் உள்ள போனுக்கு நான் டி-7000 தான் எடுப்பேன். ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கினாலும் தெரியாது, எல்சிடியின் பின்வெளிச்சம் ஓரத்தில் கசிவதையும் மறைக்கும். வெள்ளை, வெள்ளி நிற போனுக்கு பி-7000.

இந்தப் பசையைப் பற்றி ஒன்று புரிந்துகொண்டால் பாதித் தப்புகள் நடக்காது. கரைப்பான் வெளியேறினால்தான் இது காயும். கண்ணாடியும் உலோகமும் மூச்சுவிடாத பொருள்கள். நடுவில் அகப்பட்ட கரைப்பானுக்கு ஓரம் ஒன்றுதான் வாசல். ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு என்றால் ஓர் இரவில் வேலைக்குத் தயாராகும். நான்கைந்து மில்லிமீட்டருக்கு அப்பிவைத்தால் ஓரம் மட்டும் தோல் கட்டி, நடுவில் வாரக்கணக்கில் ஜவ்வாகவே இருக்கும். போதாக்குறைக்கு அந்தக் கரைப்பான் உள்பக்கம் போய் எல்சிடியின் பின்வெளிச்சத் தாள்களில் கறை உண்டாக்கும். டிஸ்ப்ளேவை ஒட்டினேன், ஓரத்தில் வெள்ளைத் திட்டு வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பசையை அள்ளிப் போட்டவர்கள். இன்னொன்று, காயும்போது இது சுருங்கும். அதனால் ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தை நிரப்புகிற வேலைக்கு இது ஆகாது. ஃப்ரேம் வளைந்து இடைவெளி வந்திருந்தால் முதலில் ஃப்ரேமை நிமிர்த்த வேண்டும்.

டேப்புக்குக் கரைப்பானும் கிடையாது, காத்திருப்பும் குறைவு, கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. கம்பெனியே பல போன்களில் வெட்டிய டேப் சட்டத்தைத்தான் போடுகிறது. மற்றவற்றில் சூடாகப் பாய்ச்சிக் காற்றின் ஈரத்தில் இறுகும் பாலியூரித்தேன் பசை. அது நம் கைக்கு வராது. உங்கள் மாடலுக்கே வெட்டிய ஸ்டிக்கர் கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், என் முதல் தேர்வு அதுதான். கிடைக்காவிட்டால் 2 மி.மீ. அகல ரோல். சிவப்புத் தாள் ஒட்டி வரும் தெளிவான டேப், டெசா கம்பெனியின் 4965 போன்றது, 0.2 மி.மீ. கனம். அதைவிட மெல்லியது வேண்டுமென்றால் 3எம் கம்பெனியின் 300 எல்எஸ்இ வரிசையில் 0.17 மி.மீ. இருக்கிறது. சாதாரணப் பசைகள் பிடிக்காமல் வழுக்குகிற பிளாஸ்டிக்குகளுக்கென்றே செய்தது அது. ஆனால் சந்தையில் 3எம் என்று அச்சடித்ததெல்லாம் 3எம் அல்ல. விலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டேப்பின் சிக்கல் இடம். இப்போதைய பல போன்களில் டிஸ்ப்ளே உட்காரும் 'படி', அதாவது ஃப்ரேமின் உள்பக்கத் திட்டு, ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அதற்கு ஏற்றபடி டேப்பை நேராக வெட்டி ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும், அந்த அகலத்தில் அது பிடிக்கவும் பிடிக்காது. டேப்லெட், பழைய தடித்த ஓரம் உள்ள போன், கேம் விளையாடும் கருவி இவற்றுக்கு டேப். ஒல்லி ஓரத்துக்கு பி-7000. இந்த ஒரு விஷயமே பாதித் தேர்வை முடித்துவிடும்.

எதை எடுத்தாலும் பழைய பசையின் மேல் புதியதைப் போடாதீர்கள். வீட்டில் செய்தாலும் கடையில் செய்தாலும் வேலை கெடுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் போனில் விட்டிருப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும்தான் என்றால் முழுசாகத் திறக்க வேண்டியதில்லை. இடைவெளியில் பிளாஸ்டிக் அட்டைத் துண்டைச் செருகி நிறுத்தி, பக்கவாட்டிலிருந்தே சுத்தம் செய்து ஒட்டலாம். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டிருந்தால் முழுசாகத் திறப்பதே நல்லது. மிச்சமிருக்கும் பசையும் அதே வயதுதான், அடுத்த மாதம் அதுவும் விடும். திறக்கும் முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, போனை அணைத்துவிடுங்கள். ஹேர் டிரையரை ஓரமாக ஓட்டி ஓட்டி இரண்டு நிமிடம் காட்டுங்கள். கையில் பிடித்தால் சுட வேண்டும், ஆனால் பிடித்துக்கொண்டே இருக்க முடிய வேண்டும். அதற்கு மேல் சூடு பேட்டரிக்கு ஆகாது. கிடார் வாசிக்கும் பிளாஸ்டிக் பிக் ஒன்று இருந்தால் போதும். ஓரமாக நகர்த்துங்கள், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடாதீர்கள். டிஸ்ப்ளேவை போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் (பட்டை கேபிள்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்கள் மாடலின் வீடியோவில் முன்கூட்டியே பாருங்கள். புத்தகம் போல அந்தப் பக்கம் மடக்கித் திறக்க வேண்டும், இழுத்தால் ஃப்ளெக்ஸ் கிழியும். அதற்குப் பிறகு நிஜமாகவே டிஸ்ப்ளே மாற்ற வேண்டியதுதான்.

பழைய பசையைச் சுரண்டுவதில் அவசரம் வேண்டாம். லேசாகச் சூடு காட்டி, ஒரு மூலையில் கட்டைவிரலால் உருட்டினால் முனை கிளம்பும். அதைச் சிமிட்டாவில் (ட்வீசர்) பிடித்துப் படியோடு ஒட்டியபடியே மெல்ல இழுங்கள். நல்ல நாளாக இருந்தால் ஒரு பக்கம் முழுக்க ஒரே நூலாக வரும். கெட்ட நாளில் பலாப்பழம் வெட்டிய கத்தி மாதிரிதான், எங்கே தொட்டாலும் பிசுபிசுப்பு. பல்குத்தும் குச்சியோ தேய்ந்த பிளாஸ்டிக் அட்டையோ பயன்படுத்துங்கள், பிளேடு வேண்டாம். ஃப்ரேமின் கறுப்புப் பூச்சு உரிந்தால் அங்கே பசை பூச்சைத்தான் பிடிக்கும், ஃப்ரேமைப் பிடிக்காது.

கடைசியாக ஐசோ புரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். பஞ்சு முனையில் ஈரமாக மட்டும் நனைத்து, ஃப்ரேமின் படியையும் டிஸ்ப்ளேவின் அடி ஓரத்தையும் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். கையில் தேய்க்கும் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் போன்ற பிசுக்கு இருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பிளாஸ்டிக்கையே கரைக்கும். துடைத்த இடத்தை அப்புறம் விரலால் தொடாதீர்கள். எண்ணெய் தேய்த்துத் தலை வாரிய கையோடு உட்கார்ந்து, பசை சரியில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பசை போடும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் இணைத்து ஆன் செய்து பாருங்கள். நாலு மூலையிலும் டச் வேலை செய்கிறதா, யாருக்காவது போன் போட்டுக் காதில் வைத்தால் திரை அணைகிறதா, முன் கேமராவில் தூசி இருக்கிறதா. ஒட்டியபின் கண்டுபிடித்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். நானே இதைத் தவிர்த்துவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஒருமுறை அல்ல.

ஃப்ரேமின் படியில் மட்டும், உள் விளிம்பை விட்டுச் சற்று வெளிப்பக்கமாக, சேமியா நூல் கனத்துக்கு ஒரே கோடு. இயர்பீஸ், மைக், சென்சார் இருக்கும் இடத்தில் கோட்டை இன்னும் மெல்லிசாக்குங்கள், துளை இருந்தால் விட்டுவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள், பசை நூல் பறந்து திரைமேல் விழும். ஆனால் ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த வாசம் தலைவலி தரும். இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். மேலே லேசாகத் தோல் கட்டி, குச்சியால் தொட்டால் நூல் இழுபடும் பதம் வரும். பாகு பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அப்போது டிஸ்ப்ளேவை வைத்து ஓரங்களை மட்டும் அமுக்குங்கள், நடுவில் கை வேண்டாம். பிதுங்கியதை உடனே துடைக்காமல் அரைமணி விட்டால் ரப்பராகிவிடும், நகத்தாலேயே உருட்டி எடுக்கலாம்.

இறுக்கிப் பிடிக்க அகலமான ரப்பர் பேண்ட் நாலைந்து, அடியில் அட்டைத் துண்டு. ரூபாய் நோட்டுக் கட்டும் மெல்லிய ரப்பர் ஒரே கோட்டில் அழுத்தும். துணிக் கிளிப்பை வெறுமனே போட்டால் அந்தப் புள்ளியில் பேனலில் தழும்பு விழும், ஓஎல்இடி (பின்வெளிச்சம் இல்லாமல் தானே ஒளிரும் பேனல்) என்றால் இன்னும் கவனம். மூன்று மணி நேரம் கட்டிவையுங்கள். இரவு முழுக்க சார்ஜ் போடாமல் விடுங்கள். பின் பாக்கெட்டில் வைத்து உட்காருவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். டேப் போட்டிருந்தாலும் இதே கதைதான். டேப் ஒட்டியவுடனே முழுப் பலம் வராது. 3எம் நிறுவனத்தின் விஎச்பி என்ற மிகப் பலமான டேப்புக்கே அறைச் சூட்டில் 20 நிமிடத்தில் பாதிப் பலம், 24 மணி நேரத்தில் 90 சதவீதம், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம் என்று கணக்கு. டேப்புக்கு அழுத்தம்தான் உயிர். ஓரம் ஓரமாக விரலால் பத்து பத்து விநாடி அழுத்திக்கொண்டே வர வேண்டும்.

தண்ணீர் விஷயம். ஐபி 67 என்ற தரக்குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம், அதுவும் புது போனுக்கு, கம்பெனி பசையோடு. ஓரம் ஒருமுறை விட்டபின் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் மழைத் தூறல் தாங்கும், பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தால் தாங்காது. "வாட்டர்ப்ரூஃப் பேஸ்டிங்" என்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

போன் அல்லாமல் வேறு கருவி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு பத்தி. 2017-இல் வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் டச் கண்ணாடி தனி, எல்சிடி தனி. கண்ணாடியின் ஓரம் தூக்கினால் டேப் போடலாம், இடம் தாராளமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தூசி புகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. பழைய கேம் பாயில் திரைக்கு மேலே இருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதற்கு பி-7000 போட்டால் கரைப்பான் ஆவியில் பிளாஸ்டிக் மங்கும் ஆபத்து உண்டு, டேப்தான் சரி. மல்டிமீட்டர் திரை மூடிக்கும் அதே யோசனை. கிண்டில் போன்ற மின்மை (இ-இங்க்) திரை உள்ள புத்தகக் கருவிகளில் பல திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது, நெம்பினால் விரிசல் விட்டுப் பாதித் திரை அப்படியே உறைந்துவிடும். அங்கே விட்டிருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய டேப் செருகி அமுக்குவதோடு நிறுத்திக்கொள்வேன்.

கடைசியாக உங்கள் கடைக்காரர். டச்சும் கலரும் ஒழுங்காக இருந்து, கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவில் பிரியாமலும் இருக்கும்போது டிஸ்ப்ளே மாற்றச் சொல்ல ஒரே ஒரு நியாயமான காரணம்தான் உண்டு: கழற்றும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். ஏற்கெனவே மூலையில் கீறல் இருந்தால் அந்தப் பயம் உண்மையானது, அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கீறல் இல்லையென்றால் "பேஸ்டிங் மட்டும் போதும்" என்று கேளுங்கள். பசை ட்யூப் நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது, அதில் பத்துப் பதினைந்து போன் ஒட்டலாம். நீங்கள் கொடுப்பது அவர் கைவேலைக்கும் நேரத்துக்கும். கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய கம்மை எடுத்துட்டுத்தானே ஒட்டுவீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?" பத்து நிமிடத்தில் தருகிறேன் என்றால் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் தாராளமாகக் கொடுத்துவிட்டு வரலாம்.